குங்கிலிய வெண்ணெய்க்கு ஒரு குடம் தண்ணீர்

காலையில் அல்சூர் ஏரிப் பக்கம் நடக்கிற நம் கூட்டத்தில் ஒரு நண்பர் (பெயர் சொல்லவில்லை, அவருக்கே தெரியும்) போன வாரம் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தியைத் தட்டிவிட்டார். குங்கிலியத்தைப் பொடித்துச் சாப்பிட்டால் சர்க்கரை இறங்குமாம், மூட்டுவலி ஓடுமாம், கொட்டிய முடி முளைக்குமாம். மருமகள் சொன்ன பேச்சைக் கேட்பாள் என்பது ஒன்றுதான் அதில் இல்லை. அதற்குக் கீழே நீங்கள் எல்லோரும் வரிசையாகக் கும்பிடு போட்டிருந்தீர்கள்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. குங்கிலியத்தின் மேல் இல்லை, அதன் மேல் எனக்கு மரியாதை உண்டு. அதைப் பார்த்து, முகர்ந்து, அதனால் ஒரு கோடை முழுக்க அழுது, பிறகு சிரித்தவள் நான். அதனால்தான் நடைக்கு நடுவே மூச்சு வாங்கச் சொல்லாமல், உட்கார்ந்து எழுதிவிடலாம் என்று தோன்றியது.

நான் பள்ளிக்கூடம் போகிற வயது, அப்போது எங்கள் வீடு ஜீவனஹள்ளியில். ஒரு அறை, ஒரு சமையல்கட்டு, வெளியே பொதுக்குழாய். அப்பா கன்டோன்மென்ட் பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில் வார்டு உதவியாளர். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போய்வருவதாலேயே தெருவில் பாதி டாக்டர். அம்மா காக்ஸ் டவுன் பங்களா ஒன்றில் சமையல் வேலை செய்தாள். காலையில் போனால் பிற்பகலில்தான் வருவாள். எங்களோடு சித்தி இருந்தாள், அம்மாவின் தங்கை. எஸ்.எஸ்.எல்.சி. முடித்துவிட்டு வேலை தேட ஆரணியிலிருந்து வந்தவள். ராத்திரி அவள் பக்கத்தில்தான் நான் படுப்பேன். என் பாவாடைக்குப் பட்டன் தைப்பதிலிருந்து பள்ளிக்கூடத்தில் யாரோடு சண்டை போடலாம் என்று ஆலோசனை சொல்வது வரைக்கும் எல்லாம் அவள்தான்.

இனி குங்கிலியத்துக்கு வருகிறேன். அது மரத்தின் பிசின். மரப்பட்டையிலிருந்து வழிந்து இறுகி, வெளிர்மஞ்சளாகக் கற்கண்டு மாதிரி இருக்கும். இங்கே சந்தைக் கடையில் ராளா என்று கேட்டால்தான் கொடுப்பார்கள். பிள்ளை பெற்ற வீட்டில் தணலில் போட்டுப் புகை காட்டுவார்கள். எங்கள் வீட்டில் அதைவிடப் பெரிய வேலை ஒன்று அதற்கு இருந்தது. அம்மா குங்கிலிய வெண்ணெய் செய்வாள்.

நல்லெண்ணெயைக் காய்ச்சி, பொடித்த குங்கிலியத்தைத் தூவ வேண்டும். அது உருகும்போது வரும் வாசனை கோயிலும் எலுமிச்சம்பழமும் கலந்தது போல இருக்கும். உருகியதைத் துணியில் வடிகட்டி ஆறவிட்டு, அகலமான பித்தளைத் தாம்பாளத்தில் ஊற்றி, தண்ணீர் விட்டுக் கையாலேயே பிசைய வேண்டும். தண்ணீரை வடித்துவிட்டுப் புதுத் தண்ணீர், மறுபடி பிசைதல். தவிட்டு நிறத்தில் வழுக்கிக்கொண்டு ஓடும் எண்ணெய் மெல்ல மெல்ல வெளுத்து, கனத்து, கடைசியில் வெண்ணெயாகத் திரண்டுவிடும். கால் வெடிப்பு, வேனல் கட்டி, ஆறாத புண், சூடு பட்ட இடம், எல்லாவற்றுக்கும் தெருவே அதைக் கேட்டு வரும். சில ஆண்கள் சாயங்காலம் வந்து தரையைப் பார்த்துக்கொண்டு, "என் சிநேகிதருக்கு, உட்கார முடியலையாம்" என்பார்கள். அம்மா முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல் வாழையிலைத் துண்டில் வைத்துக் கொடுப்பாள். அவர்கள் போனபிறகு சித்தி வாயைப் பொத்திக்கொண்டு சமையல்கட்டுக்குள் ஓடுவாள்.

இதற்கு அம்மா காசு வாங்க மாட்டாள். ஒரு குடம் தண்ணீர்தான். குழாயில் அரைமணி நேரம் வரும் தண்ணீருக்குத் தெருவே அடித்துக்கொண்டிருந்த காலம். குங்கிலிய வெண்ணெயோ தண்ணீரைக் குடம் குடமாகக் கேட்கும். அதனால் மருந்து வேண்டுமென்றால் குடத்தோடு வர வேண்டும் என்பது எங்கள் வீட்டு வழக்கம். ஏழை பணக்காரன் என்றில்லை, வீட்டுச் சொந்தக்காரரே ஒருமுறை குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றார்.

அந்த வருஷம் சித்திக்கு ஒரு நல்ல செய்தி வந்திருந்தது. டெலிபோன் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனி பெண்களை எடுத்துக்கொண்டிருந்தது. மயிரிழை போன்ற கம்பிகளைப் பிடித்துப் பற்றவைக்கிற வேலை. கையைப் பார்ப்பார்கள், விரல் எவ்வளவு சீராக வேலை செய்கிறது என்று சோதனை வைப்பார்கள், அதில் தேறினால்தான் வேலை. மழைக்காலம் தொடங்கும்போது சோதனை. ஊரில் மாமா, அதாவது அம்மாவின் அண்ணன், சித்திக்கு மாப்பிள்ளை பார்த்து வைத்திருந்தார். "வேல கெடைச்சா இருக்கட்டும், இல்லன்னா ஆடிக்கு முன்னாடி வந்து இட்டுக்கினு போய்டுவேன்" என்று சொல்லியிருந்தார். மாப்பிள்ளையைச் சித்திக்குப் பிடிக்கவில்லை. எனக்கு அவரைத் தெரியவே தெரியாது, ஆனாலும் அவளைவிட அதிகமாகப் பிடிக்கவில்லை.

கோடை விடுமுறை தொடங்கிய ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மா குங்கிலியம் உருக்கிக்கொண்டிருந்தாள். வடிகட்டும் துணியைச் சித்தி பிடித்தாள். துணியை யார் அலசினார்கள், ஏன் பிழியாமல் வைத்தார்கள் என்பதெல்லாம் பிறகு நடந்த சண்டையில்கூடத் தெளிவாகவில்லை. ஈரம் சொட்டியது. கொதிக்கிற எண்ணெயில் தண்ணீர் விழுந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சீறிக்கொண்டு எழும்பியது, அம்மா துள்ளினாள், பாத்திரம் சாய்ந்தது. சித்தியின் வலது புறங்கையிலும் விரல்களிலும் கொட்டியது. வெறும் எண்ணெயாக இருந்தால் வழிந்திருக்கும். பிசின் இல்லையா, ஒட்டிக்கொண்டது.

அவள் கத்தியது இப்போதும் எனக்குக் கேட்கிறது. அப்பா அவள் கையைத் தண்ணீர்த் தொட்டிக்குள் அமுக்கிப் பிடித்தார். பிறகு ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். அம்மா அடுப்புக்கு முன்னால் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

கட்டுப் போட்டுத் திரும்பி வந்ததும் அப்பா செய்த முதல் வேலை, தாம்பாளத்தைத் தூக்கிச் சுவரில் எறிந்தது. அதன் விளிம்பில் விழுந்த சொட்டையைத் தடவிப் பார்த்துக்கொண்டே நான் அழுதேன்.

"இந்த எழவு குங்கிலியம் இனிமே ஊட்டுக்குள்ள வந்துச்சின்னா பாரு! டவுன்ல இத்தினி ஆஸ்பத்திரி இருக்கு. நீ இன்னா பெரிய டாக்டரா?" என்று அம்மாவிடம் கத்தினார்.

அம்மா பதில் பேசவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது, அம்மா பதில் பேசாத ஆள் இல்லை. வந்தவர்களையெல்லாம் "இல்லீங்க, இப்ப செய்றதில்ல" என்று திருப்பி அனுப்பினாள். மீதி இருந்த குங்கிலியத்தை மட்டும் தூக்கிப் போடாமல் மண்ணெண்ணெய் டின்னுக்குப் பின்னால் ஒளித்து வைத்தாள். அப்பாவுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். அந்த வீட்டில் எனக்குத் தெரியாமல் எதையும் ஒளிக்க முடியாது.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா ஒருவர் சித்தியின் கையை நன்றாகவே பார்த்துக்கொண்டார். வெள்ளை மருந்து பூசி, மெல்லிய துணி வைத்துக் கட்டினார்கள். புண் சீழ் பிடிக்காமல் ஆறியது. சித்திரை முடிவதற்குள் மேல்தோல் மூடிவிட்டது. பளபளவென்று இளஞ்சிவப்பாக, இழுத்துக் கட்டிய தோலாக இருந்தது. அப்போது டாக்டரம்மா அப்பாவிடம் தெளிவாகச் சொன்னார். நானும் கூடப் போயிருந்தேன்.

"இனிமேதான் முக்கியம். தினமும் விரலை மடக்கி நீட்டணும். வலிக்கும், அழுவாங்க. அழுதாலும் விடக்கூடாது. விட்டா கை இப்படியே இறுகிப் போயிடும்."

அப்பா தலையை ஆட்டினார். வீட்டுக்கு வந்து, முதல்நாள், சித்தியின் விரலைப் பிடித்து மடக்கினார். சித்தி போட்ட அலறலில் எதிர்வீட்டுக் கதவு திறந்தது. அம்மா ஓடிவந்து அப்பா கையைத் தட்டிவிட்டாள்.

"வேணாங்க, விடுங்க! பாவம், பட்டது போதாதா? தானா சரியாய்டும்."

அப்பா விட்டுவிட்டார். ஆஸ்பத்திரியில் எத்தனையோ பேருடைய அலறலைக் கேட்டவர், வீட்டில் ஒருத்தியின் அலறலைத் தாங்க முடியவில்லை. அதோடு சரி. அம்மா பழைய புடவையைக் கிழித்து அந்தக் கையைச் சுற்றிக் கட்டினாள். காற்றுப் படக்கூடாது, தண்ணீர் படக்கூடாது என்றாள். சாதம் பிசைந்து ஊட்டினாள், தலை பின்னிவிட்டாள், அவளை ஒரு டம்ளரைக்கூடத் தூக்க விடவில்லை. தன்னால் பட்ட கை என்று அம்மாவுக்குள் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. இன்று எனக்கு அது நன்றாகப் புரிகிறது. அந்தப் பரிவில் கை நாளுக்கு நாள் கட்டையாகிக்கொண்டிருந்ததை யாரும் பார்க்கவில்லை. ராத்திரி இருட்டில் அவள் பக்கத்தில் படுத்திருந்த நான்தான் தொட்டுப் பார்த்தேன். விரல்கள் மடங்கவில்லை. முஷ்டி பிடிக்க முடியவில்லை.

"சித்தி, கம்பி புடிக்க முடியுமா?" என்று கேட்டேன்.

"தூங்குடி" என்றாள். பிறகு வெகுநேரம் அவள் தூங்கவில்லை.

மாமாவிடமிருந்து ஆள் வழியாகச் செய்தி வந்தது. கை இப்படி ஆகிவிட்டால் வேலையும் இல்லை, எதுவும் இல்லை, சொன்னபடி ஆடிக்கு முன்னால் வந்து கூட்டிக்கொண்டு போகிறேன் என்று. அம்மா, "அங்கியாவது ரெஸ்ட்டா இருப்பா" என்றாள். அப்பா பீடி பற்றவைத்தார். சித்தியை யாரும் கேட்கவே இல்லை. பெரியவர்கள் நம்மீது அன்பாக இருக்கும்போதுதான் நம்மைக் கேட்க மறந்துவிடுகிறார்கள். நாமும் நம் பிள்ளைகளிடம் அப்படித்தான் இருந்தோம், ஒத்துக்கொள்ளுங்கள்.

அந்த நிலையில்தான் ஒரு மத்தியானம் எதிர்வீட்டுக் கன்னடத்து அம்மா வந்தார். அம்மாவும் அப்பாவும் வேலைக்குப் போயிருந்தார்கள். அவர் இடுப்பில் குடம். நொண்டிக்கொண்டே வந்தவர் வாசற்படியில் உட்கார்ந்து குதிகாலைத் திருப்பிக் காட்டினார். வெடிப்பில் ரத்தம் கசிந்திருந்தது.

"ஸ்வல்ப முலாமு, அதான் உங்க வெண்ணெய், குடும்மா. நடக்க ஆகல்லே. தண்ணி கொண்டாந்திருக்கேன் பாரு."

"அக்கா செய்றதில்லீங்க இப்போ" என்றாள் சித்தி.

"கொத்து, தெரியும். பழசு ஏதாச்சும் இருந்தா நோடு கண்ணா."

பழசு இருந்தது. பீங்கான் ஜாடியில் பாதி, தண்ணீர் வற்றி, மஞ்சளாகிக் கெட்டியாகக் கிடந்தது. புதுத் தண்ணீர் விட்டுப் பிசைந்தால் மறுபடி வெளுத்துவிடும். நான் பிசைகிறேன் என்று கையை நீட்டினேன். என் கைக்கு அது அசையவில்லை. சித்தி இடது கையால் முயன்றாள், தாம்பாளம் சுற்றிச் சுற்றி வந்தது. வலி பொறுக்காமல் காலைப் பிடித்துக்கொண்டிருந்த அந்த அம்மாவை ஒருமுறை பார்த்தாள். வலது கையில் சுற்றியிருந்த துணியைப் பல்லால் இழுத்து அவிழ்த்தாள்.

"சித்தி, தண்ணி படக்கூடாது!"

"வாய மூடு. தண்ணி ஊத்து."

ஊற்றினேன். குடத்துத் தண்ணீர் ஜில்லென்று இருந்தது. முதலில் உள்ளங்கையால் மட்டும் அழுத்தினாள். பிறகு விரல்களால் வழிக்கப் பார்த்தாள். முகம் கோணியது, கண்ணில் தண்ணீர் வந்தது, ஆனால் கத்தவில்லை. யாரோ பிடித்து மடக்கும் வலி வேறு, தானே மடக்கும் வலி வேறு என்று பிற்பாடு என்னிடம் சொன்னாள். குளிர்ச்சி வலியைக் கொஞ்சம் மழுங்கடித்தது. எண்ணெய்ப்பசை இறுகிய தோலை இளக்கியது. வெண்ணெய் வழுக்கிப் போகப் போக அதைப் பிடிக்க விரல்கள் பின்னாலேயே மடங்கின, கொஞ்சம்தான், ஒரு நெல்லிக்காயைப் பிடிக்கிற அளவுக்கு. கன்னடத்து அம்மா தன் காலை மறந்துவிட்டு அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். மருந்தை வாங்கிக்கொண்டவர் எழுந்து போகும்போது, "நாளைக்கும் பிசை. நான் தண்ணி தர்றேன். முலாமு வேணாம் எனக்கு" என்றார்.

மறுநாளும் குடத்தோடு வந்தார். அதற்கு மறுநாளும். ஜாடி மருந்து தீர்ந்ததும், ஒளித்து வைத்திருந்த குங்கிலியத்தை நான் எடுத்துக் கொடுத்தேன். அடுப்புப் பக்கம் போக சித்திக்கு உடம்பு நடுங்கும் என்று, அவரே தன் வீட்டில் உருக்கி, வடித்து, ஆறவைத்துக் கொண்டுவந்தார். தெருவில் எப்படியோ காற்றுவாக்கில் விஷயம் பரவி, மத்தியானமானால் குடங்கள் வரத் தொடங்கின. அம்மா வருவதற்குள் தாம்பாளத்தைக் கழுவி, கையில் துணியைச் சுற்றி, சித்தியைச் சுவரோரம் நோயாளியாக உட்கார வைத்துவிடுவேன். வீடு முழுக்கக் குங்கிலிய வாசனை அடிக்கும். அம்மாவுக்கு மூக்கு இல்லையா என்ன? இப்போது யோசித்தால் அவளுக்கு முதல்நாளே தெரிந்திருக்கும் என்றுதான் படுகிறது. பார்த்தால் தடுத்துவிடுவோம் என்று பயந்து பார்க்காமல் இருந்தாளோ என்னவோ. கேட்டிருக்கலாம், கேட்கவில்லை.

அப்பாவிடம்தான் கையும் களவுமாக மாட்டினோம். ஷிப்ட் மாறி ஒருநாள் சீக்கிரம் வந்துவிட்டார். வாசலில் நின்று, தாம்பாளத்தைப் பார்த்தார், சொட்டை விழுந்த அதன் விளிம்பு, உள்ளே வெள்ளை வெண்ணெய், அதில் சித்தியின் சிவந்த கை. இந்தமுறை தாம்பாளம் தெருவுக்குப் போகும் என்று நினைத்தேன்.

அப்பா செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்து குந்தி உட்கார்ந்தார்.

"இன்னொருவாட்டி மடக்கு" என்றார்.

சித்தி மடக்கினாள். விரல் நுனிகள் உள்ளங்கையைத் தொட்டன.

"நீட்டு."

நீட்டினாள்.

அப்பா அவள் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "டாக்டரம்மா இதத்தான சொன்னாங்க" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பிறகு எழுந்து வெளியே போனவர் சாயங்காலம் வரை வரவில்லை. மறுநாள் விடியற்காலையில் குழாயடியில் ஒரே கூச்சல். பெண்கள் மட்டும் நிற்கிற வரிசையில் அப்பா குடத்தோடு நின்றுகொண்டிருந்தார். எல்லோரும் கேலி செய்ய, காது சிவக்க, ஒரு குடம் பிடித்துக்கொண்டுவந்து தாம்பாளத்துக்குப் பக்கத்தில் வைத்தார். அம்மா சமையல்கட்டிலிருந்து எட்டிப் பார்த்தாள். அன்றைக்கு அம்மா வேலைக்குப் போவதற்கு முன்னால் தானே குங்கிலியத்தை உருக்கி வைத்துவிட்டுப் போனாள்.

எது குணமாக்கியது என்று கேட்டால் எங்கள் வீட்டில் கடைசிவரை தீர்ப்பு வரவில்லை. அம்மா கடைசிவரை குங்கிலிய வெண்ணெய் என்றாள், அப்பா கடைசிவரை டாக்டரம்மா என்றார். சித்தி இப்போது அத்திபெலேயில் மகன் வீட்டில் இருக்கிறாள். போன மாதம் போனபோதும் கேட்டேன். "தண்ணிதாண்டி. ஓசித் தண்ணி" என்று சிரித்தாள். நான் டாக்டர் இல்லை, வைத்தியரும் இல்லை. புண்ணை ஆஸ்பத்திரி ஆற்றியது. அதன்பிறகு அந்தக் கை வேலை செய்தே தீர வேண்டியிருந்தது, குங்கிலியம் அதற்கு ஒரு வேலை கொடுத்தது. இவ்வளவுதான் நான் கண்ணால் கண்டது. சூடு பட்டால் முதலில் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள், நம் குழுவுக்கு ஓடாதீர்கள்.

சோதனை நாளில் அப்பா சித்தியைக் கூட்டிக்கொண்டு போனார். மேஜை மேல் தட்டு நிறைய ஊசி போன்ற கம்பித் துண்டுகள் இருந்தனவாம். சின்ன இடுக்கியால் எடுத்து, ஒரு பலகையின் துளைகளில் செருக வேண்டும். மேற்பார்வைக்கு நின்ற அம்மணி தழும்பைப் பார்த்துவிட்டு, "இந்தக் கையாலா?" என்று கேட்டாராம். "இந்தக் கையாலதாங்க" என்றாளாம் சித்தி. அதற்குமேல் என்ன நடந்தது என்று அப்பாவால் கோர்வையாகச் சொல்ல முடியவில்லை. வெளியே மரத்தடியில் நின்று எந்தெந்தச் சாமியையோ கூப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

மாமா சொன்னபடி வந்தார். பெட்டியைக் கட்டச் சொன்னார். சித்தி அவருக்கு எதிரே உட்கார்ந்து தன் வலது கையாலேயே காபி ஆற்றிக் கொடுத்தாள், ஒரு சொட்டுச் சிந்தாமல், வேண்டுமென்றே உயரத் தூக்கி ஆற்றினாள். "வேல கெடைச்சிடுச்சிண்ணா. திங்கட்கெழம வரச் சொல்லிட்டாங்க" என்றாள். மாமா காபியையும் கையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "இன்னும் கொஞ்சம் சக்கர போடு" என்றார். எனக்கு அவரை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பிடித்தது.

திங்கட்கிழமை காலை தூறிக்கொண்டிருந்தது. பள்ளிக்கூடம் திறந்துவிட்டதால் நானும் பையோடு நின்றேன். தெருமுனையில் கம்பெனி பஸ் வந்தது. அம்மா பங்களாவுக்குப் போகாமல் நின்றிருந்தாள், ஆனால் சித்தி முகத்தைப் பார்க்காமல் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். சூடு பட்ட நாளிலிருந்து அந்தக் கையை அவள் துணி சுற்றத் தொட்டாளே தவிர, வெறும் கையாகத் தொட்டதே இல்லை. பஸ் ஏறப் போன சித்தி திரும்பி வந்து, அம்மாவின் கன்னத்தை அந்தக் கையாலேயே கிள்ளினாள். நன்றாக, வலிக்கிற மாதிரி. "எவ்ளோ பிடி பாத்தியா?" என்று கேட்டுவிட்டு ஓடிப்போய் ஏறிக்கொண்டாள்.

பஸ் நகர்ந்தது. ஜன்னலுக்கு வெளியே ஒரு கை நீண்டது. தழும்பு தெருவுக்கே தெரிய, கைக்குழந்தை டாட்டா காட்டுவது போல, விரல்கள் மடங்கின, விரிந்தன, மடங்கின, விரிந்தன. அம்மா கன்னத்தைத் தடவிக்கொண்டே, அழுகையும் கோபமுமாக, பஸ்ஸுக்குப் பின்னால் ஓடினாள்.

"ஏய்! கைய உள்ள வைடி! பஸ்ஸு போவுதில்ல, கைய உள்ள வை!"